ஒன்பதாம் சுவரின் திமிங்கலம்

மகனே,

இந்த உறைக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நீ கேட்ட தாள். மற்றது நீ கேட்காத இந்தக் கடிதம். தாளை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்துவிடுவது என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். உறையை ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போய், அதன் வாயில் பாதி நுழைத்தும் விட்டேன். பிறகு உருவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒட்டிய இடத்தை ஆவியில் காட்டிப் பிரித்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தானா என்று கேட்டாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் நீ சென்னையிலிருந்து போன் செய்தாய். இரண்டு சங்கதிகள் சொன்னாய். வருகிற ஞாயிறு நம் சபையில் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். அதைக் கேட்க இரண்டு பேரும் வருகிறீர்கள். அன்று மத்தியானம் அவளுக்கு ஆம்பூரின் கடல் சுவர்களைச் சுற்றிக் காட்ட வேண்டும். நான் அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்த வழித்தாள் இன்னும் இருக்கிறதா? இது ஒன்று. மற்றதை ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாய். தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிற ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "போலாமான்னு பாக்கறேம்பா" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தெரியாத ஊரு, தெரியாத வேலை. கையில இருக்கறத உட்டுட்டு எதுக்குப்பா?" என்றேன். பிறகு நீ சொன்னாய்: "சரிப்பா." உடனே அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாய்.

அந்தச் 'சரிப்பா'வைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் எதையும் ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பழகியவன். நேராக அங்கே போகத் தெரியவில்லை. ஸ்டெல்லாவும் இதைப் படிக்கட்டும். வெளியூர் ஆஸ்பத்திரியில் உன் அம்மாவோடு ஒரே வார்டில் ஆறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிற பெண் என்பதால் எங்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் நடந்த எல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்காகச் சில விஷயங்களை விளக்கியே எழுதுகிறேன். நீ பொறுத்துக்கொள்.

கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், பாலாற்றில்கூட மணல் மட்டுமே ஓடுகிற ஊரில், சுவரெல்லாம் கடல் எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். ஆம்பூரில் தோல் கிடங்குகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் நீளமான மதில்கள் உண்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அந்த மதில்களை ஒரே காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். இங்கே சிறுநீர் கழிக்காதீர் என்று எழுதிப் பார்த்தார்கள். அதற்கென்று வருகிறவன் எதையும் வாசிப்பதில்லை. மற்ற ஊர்களில் சாமி படம் வரைந்துவிடுவார்கள். நம் தெருவில் கடைக்காரர்களும் மதில்காரர்களும் கூடிப் பேசியபோது எந்தச் சாமி என்ற கேள்வி வந்தது. மூன்று மதச் சின்னங்களையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்றார் ஒருவர். எது முதலில் என்று கேட்டார் இன்னொருவர். வரைய வந்திருந்த பாஷா பாய், "அந்த நாத்தத்துல எந்தச் சாமியக் கொண்டாந்து நிக்க வெக்கறது சார்? எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் டீக்கடை முனிரத்தினம் கடலை வரையச் சொன்னார். கடல் யாருடைய சாமியும் இல்லை, எல்லாருக்கும் பொது, பார்க்கவும் குளிர்ச்சி. "கடல்ல ஒருத்தன் உட்டா இன்னா கூடப்போவுது?" என்று யாரோ கேட்டுக் கூட்டமே சிரித்தது. ஆனாலும் அதுவே முடிவானது. ஆச்சரியம் என்னவென்றால், அது பலித்தது. மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதனுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது போலிருக்கிறது. ஒரு தெருவைப் பார்த்து அடுத்த தெரு என்று, இரண்டே வருடத்தில் பதினொரு மதில்களில் பாஷா பாய் கடல் வரைந்தார்.

நீ ஆறாம் வகுப்பு முடித்த வருடம் அது. உங்கள் பள்ளியில் சென்னைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். கடற்கரைக்கும் கூட்டிப்போவதாக இருந்தது. பெற்றோர் கையெழுத்துக்காக நீ கொண்டுவந்த தாள் நான்கு நாள் என் மேசைமேல் கிடந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள், அலையில் யார் இறங்குகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பார்கள் என்று உன் அம்மாவிடம் கணக்குச் சொன்னேன். அவள், நீங்களும் கூடப் போங்களேன் என்றாள். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. நானே அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை என்பதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. உன் வகுப்பு சென்னைக்குப் புறப்பட்ட காலையில்தான் உனக்கு அந்த வழித்தாளைக் கொடுத்தேன். கடலுக்குப் பதிலாக ஒரு தாள்.

தாள் என்னவோ நன்றாகத்தான் அமைந்தது. வரைபடத் தாளில் ஊரின் படம். ஒன்று முதல் பதினொன்று வரை சுவர்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை காலடி என்று நானே நடந்து எண்ணி எழுதியிருந்தேன். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கேள்வி, பதில் எழுத இரண்டு கோடுகள். யாரையும் வழி கேட்காமல், தாளை மட்டும் வைத்துக்கொண்டு நீ தனியாக நடந்து முடிக்க வேண்டும். உன்னைத் தனியாக அனுப்பினேன் என்று அப்போது பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் ஐம்பது அடி பின்னால், குடையும் கையுமாக வந்துகொண்டிருந்தேன். பஜாரில் ஒரு தடவை நீ திரும்பிப் பார்த்தபோது தோல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த லாரிக்குப் பின்னால் நின்றவனுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும். நீ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாய். புதுச் செருப்பு கடிக்கிறது போல, அளவு தவறி வாங்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.

பழைய தாள் பீரோவில், உன் மதிப்பெண் பட்டியல்களுக்கு அடியில் இருந்தது. பதினைந்து வருடத்தில் சுவர்கள் எவ்வளவோ மாறியிருக்கும், தப்பான வழித்தாளைக் கையில் கொடுத்து மருமகளை அலைய விடக்கூடாது என்று, செவ்வாய்க்கிழமை காலை நானே ஒரு முறை நடந்து பார்த்தேன். முதல் சுவர், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது, இப்போது முழுக்க விளம்பரப் பலகை. ரோட்டை அகலப்படுத்தியபோது மூன்றும் ஐந்தும் ஆறும் போய்விட்டன. இரண்டாம் சுவரில் ஆமைகள் அப்படியே இருக்கின்றன. நடுவில் ஒரு புதுக் கதவு வைத்ததில் ஓர் ஆமைக்கு மட்டும் தலை இல்லை. நான்காம் சுவரைப் பார்க்க உனக்குப் பிடிக்கும். ஈரத்தோலுக்குப் போடுகிற உப்பை அந்த மதிலுக்குப் பின்னால்தான் இன்னும் குவித்து வைக்கிறார்கள். அது சுவருக்குள் ஊறி, இந்தப் பக்கம் வெள்ளையாகப் பூத்து, பாஷா பாய் வரைந்த அலைகளையெல்லாம் நுரையாக்கிவிட்டிருக்கிறது. கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று நான் அந்தச் சுவருக்குக் கேள்வி எழுதியிருந்தேன். நீ சுவரை நக்கிப் பார்த்ததை நான் குடைக்கு அடியிலிருந்து பார்த்தேன். "பின்னால் தோல் கிடங்கு இருப்பதால்" என்று பதில் எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதற்கு மதிப்பெண் போடவில்லை. இப்போது பழைய தாளில் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். உப்பளம் பக்கத்தில் வளர்ந்த ஸ்டெல்லா என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்.

ஏழும் எட்டும் பத்தும் இல்லை. ஒன்பது இருக்கிறது. ஒன்பதுக்குப் போவதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் சுவர், முனிரத்தினத்தின் டீக்கடைக்கு எதிரே இருக்கிற ஷூ கம்பெனி மதில். அதில் திமிங்கலம் வரைய வேண்டும் என்று பாஷா பாய்க்கு ஆசை. அதுவரை அவர் திமிங்கலத்தைப் பார்த்ததில்லை. படித்தவர், சயன்ஸ் சார் என்று என்னிடம் வந்து கேட்டார். நான் வேதியியல்காரன், உயிரியல் ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நூலகத்துக்குப் போய் ஒரு படத்தையாவது பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான் அன்று மட்டும், டீக்கடையில் நாலு பேர் பார்க்க, ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தேன். வாலை மீன் வாலைப்போல நிமிர்த்தி வரைந்தேன். பாஷா பாய் அதைச் சதுரம் சதுரமாகப் பெரிதாக்கி முப்பது அடிக்கு வரைந்துவிட்டார்.

நீ அன்று ஒன்பதாம் சுவருக்கு வந்தபோது பாஷா பாய் ஏணிமேல் நின்று அடிவயிற்றுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். நான் தற்செயலாக வந்தவன்போல டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தேன். நீ சுவரையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய். பிறகு நேராக என்னிடம் வந்தாய். "அப்பா, வால் தப்பா இருக்கு. திமிங்கலத்துக்கு வால் படுக்கையா இருக்கும். மேலயும் கீழயும் ஆட்டும். லைப்ரரி புக்ல போட்டிருக்கு" என்றாய். நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நீ சொல்வது சரி என்று. அது மீன் இல்லை, பாலூட்டி என்பதெல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. முனிரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னா தம்பி, அப்பாவுக்கே பாடமா?" என்று சிரித்தார். பாஷா பாய் ஏணியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "பக்கவாட்டுல இருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். புஸ்தகத்த ஒழுங்கா படிக்காம வந்து பேசக்கூடாது."

"சரிப்பா" என்றாய். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். பத்தாம் சுவருக்கும் பதினொன்றாம் சுவருக்கும் பதில் கோடுகள் இன்றும் காலியாக இருக்கின்றன.

ஒரு பிள்ளையின் நெஞ்சில் எது எங்கே முறிந்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா, அல்லது நானாக ஒரு காரணத்தைச் செய்துகொள்கிறேனா, தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் தப்பு என்று சொன்னதே இல்லை. தோல் தொழில்நுட்பம் படி என்றேன், சரிப்பா. நம் ஊர்க் கம்பெனியின் சென்னை ஆபீஸில் சேர் என்றேன், சரிப்பா. சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று ஊரில் எனக்குப் பெயர். நானும் அதை வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒவ்வொரு தடவையும் அந்த வால் என் கண்முன் வந்து நின்றது. பள்ளிக்குப் போகவும் வரவும் எனக்கு அந்த ஒரு வழிதான். ஓய்வு பெறும் வரைக்கும் தினமும் இரண்டு தடவை அந்தச் சுவரைத் தாண்டினேன். பெரும்பாலும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை அதன் எதிரே நின்று முழுதாகப் பார்த்தேன். பிறகு, இந்த வயதில் எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, பாஷா பாயைத் தேடிப் போனேன். அவர் மகன் பஜாரில் பெரிய டிஜிட்டல் பேனர் கடை வைத்திருக்கிறான். பாஷா பாய் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நீலத்தை ஜாஸ்தி பண்ணச் சொல்லி வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். உட்கார வைத்து டீ வரவழைத்தார். நான் டீயைத் தொடாமல் சொன்னேன், பாய், அந்தத் திமிங்கலத்தின் வால் தப்பு, நான் கொடுத்த படம் தப்பு என்று.

"தெரியும் சார்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அந்த வாரமே தெரியும் என்றார். "தம்பி ரெண்டு நாள் கழிச்சி அந்த புக்க எடுத்துக்கினு வந்துச்சி. படத்தப் பார்த்தேன். அடடா, மாத்திர்றேன் தம்பின்னு ஏணியக்கூட எடுத்துட்டேன். வேணாம் பாய்னு சொல்லிச்சி. இன்னாத்துக்குடா, நீதான கண்டுபுடிச்சேன்னேன். 'எங்கப்பா டெய்லி இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறாரு. மாத்துனா பார்த்துடுவாரு, சங்கடப்படுவாரு'ன்னுது. அதுக்கப்பறம் ரெண்டு வாட்டி பெயிண்ட் அடிச்சேன் சார். ரெண்டு வாட்டியும் வால அப்படியே வெச்சேன். தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரோ எதையோ வாங்க வந்தார்கள், அவர் எழுந்து போனார். நான் டீயைக் குடித்தேனா இல்லையா என்பது ஞாபகமில்லை. பதினோரு வயதில் நீ எனக்காகச் செய்ததை, நாற்பத்தைந்து வயதில் நான் உனக்காகச் செய்யவில்லை. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வரி. அது முடியாமல்போக, நீ ஒரு சுவரையே எனக்காகத் தப்பாக நிற்க வைத்திருக்கிறாய். நானோ நீ புத்தகத்தை ஒழுங்காகப் படிக்காதவன் என்று சொல்லிவிட்டு, அந்த நிழலிலேயே இத்தனை வருடம் நடந்திருக்கிறேன்.

நாலு பேர் எதிரில் சொன்னதை நாலு பேர் எதிரில்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பாஷா பாயையும் கூட்டிக்கொண்டு முனிரத்தினம் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். எதிர்ச்சுவரில் இருக்கிற திமிங்கலத்தின் வால் தப்பு, நான்தான் தப்பாக வரைந்து கொடுத்தேன், என் மகன் அன்றே சரியாகச் சொன்னான், நான்தான் அவனை மட்டம் தட்டினேன் என்று சொன்னேன். முனிரத்தினம் ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டு, "இன்னா சார் நீங்க, ஒரு வாலுக்குப் போயி" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள், அப்ப எப்படி இருக்கணும் சார் என்று கேட்டார். கையைப் படுக்கையாக நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது.

இனி தூத்துக்குடி. தெரியாத ஊர், தெரியாத வேலை என்று நான் போனில் சொன்னது காரணமே இல்லை. சென்னையிலிருந்து ரயிலேறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிறாய். அங்கிருந்து அப்படி வர முடியாது. அதுதான் காரணம். நீ தூரமாகப் போய்விடுவாய் என்ற பயத்துக்கு நான் யோசனை என்று பெயர் வைத்தேன், அன்றைக்குப் பொய்க்குப் பாடம் என்று பெயர் வைத்த மாதிரி. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதற்காக, போ என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் நீ சரிப்பா என்பாய். திங்கட்கிழமை நீ சொல்லும் பதில் எதுவானாலும் உன்னுடையதாக இருக்க வேண்டும். என்னிடம் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் சொன்னதில் எது தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சங்கடப்படுவார் என்று என்னைக் காப்பாற்றியது போதும்.

ஸ்டெல்லாவிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். இவன் உன்னிடமும் சரி, சரி என்றுதான் சொல்வான் அம்மா. கேட்க இனிமையாக இருக்கும். நம்பிவிடாதே. ஒருவரை ஒருவர் தப்பு என்று சொல்ல முடிகிற வீடாக அது இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதை உன் அத்தையாகப்போகிற இவன் அம்மா ஒருத்திதான் செய்தாள்; அவள் செய்ததால்தான் நான் இந்த அளவுக்காவது இருக்கிறேன்.

புதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது நான்கே சுவர்கள். இரண்டு, நான்கு, ஒன்பது, பதினொன்று. எண்களை மாற்றவில்லை, இல்லாத சுவர்களின் இடத்தையும் தெரிந்துகொண்டு நடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அடிகளை மறுபடியும் எண்ணினேன். முன்பைவிட எல்லாத் தூரமும் கூடியிருக்கிறது, என் அடி குறுகிவிட்டது. உனக்குக் கணக்கு ஒத்துவராது, திருத்திக்கொள். கேள்விகள் எழுதவில்லை. ஒன்பதாம் சுவருக்கு எதிரே மட்டும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: "இங்கே ஒரு பிழை இருந்தது. பிழை என்னுடையது." இருந்தது என்று ஏன் எழுதினேன் என்றால், நேற்று பாஷா பாய் வந்து வாலை மட்டும் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டார். திமிங்கலம் இப்போது வால் இல்லாமல் நிற்கிறது. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அவர் பெயிண்டோடு அங்கே இருப்பார். நீ உன் கையால் சுண்ணக்கட்டியில் கோடு போட்டுக் கொடுத்தால் பூசித் தருகிறேன் என்கிறார்.

அதை முடித்துவிட்டுப் பதினொன்றாம் சுவருக்கும் போங்கள். அது வெறும் அலைதான், மீனோ படகோ எதுவும் கிடையாது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அது. நீ இன்னும் அதைப் பார்க்கவில்லை.

நான் வீட்டிலேயே இருப்பேன். இந்த முறை பின்னால் வர மாட்டேன். நீ ஒவ்வொரு திருப்பத்திலும் எதற்காக நின்றாய் என்பது, செவ்வாய்க்கிழமை டீக்கடையிலிருந்து திரும்பி வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் செருப்பு உனக்குச் சரியான அளவுதான் இருந்திருக்கிறது. இனிமேல் திருப்பங்களில் எனக்காக நிற்காதே, ராஜா. நேராகப் போய்க்கொண்டே இரு.

அப்பா